அசையக் கூடாத இடம்

எனது பெயர் கம்சாயினி வினோஜன். வயது முப்பத்து நான்கு. தகப்பனார் பெயர் அருமைநாயகம், காலமாகிவிட்டார். விவாகமானவள். மீன்பிடிப் படகுகளுக்குச் சமிக்ஞைப் பெட்டி செய்யும் மட்டக்களப்பு நிறுவனமொன்றில் பொறியியலாளராக வேலை செய்கிறேன். நிரந்தர முகவரி அமிர்தகழி, மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் போகும் ஒழுங்கை. தற்காலிக முகவரி இல்லை. நான் சொல்வதைப் பொலிஸ் சார்ஜன்ட் வினாயகமூர்த்தி அவர்கள் கையால் எழுதுகிறார். அவருடைய கைக்கு ஏற்றபடி நிறுத்தி நிறுத்திச் சொல்லும்படி கேட்டார். எனக்கு நிறுத்திப் பேசிப் பழக்கமில்லை, ஆனாலும் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

என் மேல் எங்கள் முகாமையாளர் லூர்து அவர்கள் கொடுத்துள்ள முறைப்பாட்டை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் நிறுவனத்துக்குச் சொந்தமான அறையின் பூட்டை அறுத்தேன் என்றும், உள்ளே இருந்த கரைப்பெட்டியின் புரோகிராமை அனுமதியில்லாமல் மாற்றினேன் என்றும், கடந்த வெள்ளிக்கிழமை துறைமுகச் சைரன் காரணமின்றி ஒலித்து மக்கள் கலவரப்பட்டு ஓடியதற்கு நானே பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. பூட்டை அறுத்தது நான். புரோகிராமை மாற்றியதும் நான். சைரன் ஒலித்தது என்னால் அல்ல. அது காரணமின்றி ஒலிக்கவும் இல்லை. அந்தச் சொல்லை எழுதியவர் விசாரித்து எழுதியிருக்கலாம்.

எனது கணவர் வினோஜன் அதே நிறுவனத்தில் எனக்கு முன்பே வேலை செய்தவர். படகுப்பெட்டிக்கும் கரைப்பெட்டிக்கும் முதன்முதல் புரோகிராம் எழுதியவர் அவர்தான். படகுப்பெட்டி மேலேயுள்ள சூரியத் தகட்டில் வெயில் பட இயங்கி, கடலில் இருந்து ரேடியோ மூலம் ஒரு சிறிய செய்தி அனுப்பும். கரைப்பெட்டி அதைக் கேட்டு, கேட்டது என்று ஒரு பதிலைத் திருப்பி அனுப்பும். பதில் கிடைத்தால் படகுப்பெட்டியில் மினுங்கும் சிவப்பு விளக்கு பச்சையாகும். கிடைக்காவிட்டால் பெட்டி திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கடல் பெருகி வந்தால் அடிக்கும் துறைமுகச் சைரனும் கரைப்பெட்டியோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது.

பழைய வகைப் பெட்டி எவ்வளவு தூரம் வரைக்கும் கேட்கிறது என்று பார்ப்பதற்காக, அன்ரோ என்பவரின் பலநாள் படகான 'ஸ்டெல்லா மேரி'யில் எனது கணவர் ஏறிப் போனார். அது போன வருடத்துக்கு முந்திய வருடம், மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர். அன்ரோவும் கணவரும் இன்னும் இரண்டு தொழிலாளிகளுமாக நால்வர் போனார்கள். நான் துறைமுகம் வரை போய் வழியனுப்பினேன். பெட்டியைத் தட்டிக் காட்டி, "பச்சை எரியுமட்டும் இது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், நீ பயப்பிடாத" என்றார். எனக்குப் பயமாக இருக்கவில்லை. இரண்டு நாள் செய்தி வந்தது. அதன் பின்னர் காற்று மாறியது, செய்தி வரவில்லை. கடற்படையும் தேடியது, வாழைச்சேனைப் படகுகளும் தேடின. படகும் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. அது சம்பந்தமான விசாரணைக் கோவை இந்த நிலையத்திலேயே இருக்கிறது. அது இன்னும் மூடப்படவில்லை.

அதன் பின்னர் நிறுவனம் பழைய வகையைக் கைவிட்டுப் புதிய வகைப் பெட்டிக்கு மாறியது. இப்போது எல்லாப் படகுகளிலும் இருப்பது புதியது. பழைய வகைப் பெட்டி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது ஸ்டெல்லா மேரியில் போனது. ஆனால் கரைப்பெட்டியில் பழைய செய்தியைக் கேட்கும் பகுதியை நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று சார்ஜன்ட் கேட்டார். அதைச் சொல்வதற்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எழுதுகிறீர்களா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் தனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்றார்.

சிப்பின் நினைவகம் நேராகப் போகும் ஒரு நீள ஒழுங்கை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு இலக்கம் உண்டு, அதை முகவரி என்போம். ஒரு வேலையைச் செய்யும் கட்டளைகளின் கூட்டத்தைச் செயற்கூறு என்போம். நாங்கள் புரோகிராம் எழுதும்போது செயற்கூறுகளுக்குப் பெயர் வைப்போம், ஆனால் அந்தப் பெயர் சிப்புக்குள் போகாது. லிங்கர் என்று ஒரு மென்பொருள் எல்லாச் செயற்கூறுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, இடம் கண்ட மாதிரி அடுக்கிவிடும். இன்று ஒரு வரியைக் கூட்டினால் நாளைக்குப் பின்னால் உள்ள எல்லாம் தள்ளிப் போகும். சாதாரணமாக அதனால் பாதகமில்லை, ஏனென்றால் லிங்கரே எல்லோருக்கும் புது முகவரியைச் சொல்லிவிடும்.

ஆனால் கரைப்பெட்டியின் சிப்பில் முதற்பகுதி ஒன்று இருக்கிறது. அதை எனது கணவர் ஒரு முறை எழுதிப் பூட்டிவிட்டார், அதை இனி ஒருவரும் மாற்ற முடியாது. நாங்கள் மாற்றுவதெல்லாம் அதற்குப் பின்னால் உள்ள பகுதியைத்தான். ரேடியோச் செய்தி வந்தால் முதலில் அதைப் பார்ப்பது அந்தப் பூட்டிய பகுதி. பழைய வகைச் செய்தி என்று கண்டால் அது நேரே 3C00 என்ற முகவரிக்குப் பாயும். அங்கே யார் இருக்கிறார் என்று பார்க்காது, பெயர் கேட்காது. இடம் மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆகவே பழைய செய்தியைக் கேட்கும் செயற்கூறு எந்தக் காலத்திலும் 3C00இலேயே இருந்தாக வேண்டும். அதற்காக லிங்கருக்குக் கொடுக்கும் கோப்பில், இந்த இடத்தை இதற்கென்று ஒதுக்கு என்று ஒரு வரி எழுத வேண்டும்.

இந்த இடத்தில் சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்தி, "3C எண்டா எந்த ஒழுங்கை பிள்ள? அங்க ஆர் இருக்கிறது?" என்று கேட்டார். இது வீட்டு இலக்கம் அல்ல என்று சொன்னேன். அவர் ஏற்கெனவே முகவரிப் பத்தியில் எழுதிவிட்டதால் அதை வெட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

எனது கணவர் எனக்கு இதை விளங்கப்படுத்தியபோது இப்படிச் சொல்லவில்லை. மாமாங்கத் தீர்த்தத்தன்று எங்கள் வீட்டுச் சனம் கோயிலுக்குப் புறப்படும் முன்னர் ஒரு இடம் பேசி வைப்போம். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ஆராவது தவறிப் போனால் குளத்தின் வடக்குப் படிக்கட்டுக்கு வர வேண்டும். ஊரில் எல்லோரும் அப்படித்தான், ஆளாளுக்கு இடம்தான் வேறு. கலியாணம் பேசின வருடம் அவர் எங்களோடு வந்து, கச்சான் கடலை வாங்கப் போய்த் தவறிவிட்டார். நான் அவரைத் தேடி நாலு பக்கமும் அலைந்தேன், அவர் என்னைத் தேடி அலைந்தார். கடைசியில் படிக்கட்டில் கண்டபோது, "தவறினவன் எங்க வேணுமெண்டாலும் அலையலாம், காத்து நிக்கிறவள் அசையப்படாது. ரெண்டு பேரும் அலைஞ்சா ஒருநாளும் காண ஏலாது" என்று என்னிடமே சண்டை பிடித்தார். பிறகு வேலையில் இந்த 3C00ஐக் காட்டியபோது, "இதுதான் வடக்குப் படிக்கட்டு" என்று மட்டும் சொன்னார். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தச் செயற்கூறுக்கு அவர் வைத்த பெயர் 'வந்திட்டன்' என்பது. வேலை முடிந்து வந்து படலையைத் திறக்கும்போது அவர் சொல்லும் சொல் அது. பெயர் சிப்புக்குள் போகாது என்று முன்பே சொன்னேன். அது நாங்கள் எழுதும் கோப்பில் மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு முறை புரோகிராமைக் கட்டி முடித்ததும் எது எந்த முகவரியில் விழுந்தது என்று ஒரு அட்டவணை வரும். நான் வேறு எதையும் பார்க்க முன்னர் 3C00க்கு நேரே 'வந்திட்டன்' இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இருக்கும். அதைப் பார்த்த பின்னர்தான் எனக்குத் தேநீர் இறங்கும். இதை வழக்குக்குத் தேவையில்லாதது என்று சார்ஜன்ட் நினைத்தால் விட்டுவிடலாம் என்றேன். அவர் எழுதினார்.

இன்னுமொன்று. புரோகிராமுக்குள் வேறு ஒருவரும் அழைக்காத செயற்கூறை லிங்கர் வேண்டாத சாமான் என்று எடுத்து வீசிவிடும். 'வந்திட்டன்' என்பதை எங்கள் பகுதியில் எதுவும் அழைப்பதில்லை, பூட்டிய பகுதி மட்டும்தான் அழைக்கும், அதுவும் பழைய செய்தி வந்தால் மட்டும். ஆகவே ஒருவரும் கூப்பிடாவிட்டாலும் இதை வைத்திரு என்று அதே வரியில் இன்னொரு சொல்லும் சேர்த்து எழுத வேண்டும். அந்த வரியைத்தான் எடுக்கும்படி லூர்து அவர்கள் பலமுறை சொன்னார். காலநிலை எச்சரிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் காட்டுவதற்கு இடம் போதவில்லை என்பது அவருடைய நியாயம். நியாயம் சரிதான். நான் ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது சுருக்கி அவருக்கு இடம் எடுத்துக் கொடுத்தேன். "உன்ட மனுசன்ட இடத்தத் தவிர எல்லாத்தையும் சுருக்கிப்போட்ட" என்று ஒருநாள் பகிடியாகச் சொன்னார். நானும் பகிடியாக ஓம் என்றேன்.

அதன் பின்னர், அந்த வெள்ளிக்கிழமைக்குச் சில நாட்களுக்கு முன்னர், எனது தங்கையின் கலியாணத்துக்காக நான் விடுமுறையில் நின்றபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓட்டமாவடி றிப்ஷான் என்பவரிடம் லூர்து அந்த வேலையைக் கொடுத்துள்ளார். றிப்ஷான் கெட்டிக்காரன். தேடிப் பார்த்திருக்கிறார், அந்தச் செயற்கூறை ஒருவரும் அழைக்கவில்லை, ஆகவே வரியை எடுத்துவிட்டார். அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். பூட்டிய பகுதி அங்கே பாயும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நான் பட்டுச்சேலை தெரிவுசெய்துகொண்டிருந்தேன். இடம் காலியானதும் லிங்கர் எல்லாவற்றையும் தள்ளி அடுக்க, சைரனை அடிக்கும் செயற்கூறு 3C00க்கு மேலாக வந்து படுத்துக்கொண்டது.

கடந்த வெள்ளிக்கிழமை காலை நான் மட்டக்களப்பு அலுவலகத்தில் இருந்தபோது றிப்ஷான் வாழைச்சேனையில் இருந்து தொலைபேசியில் பேசினார். பின்னால் சைரன் கேட்டது. "அக்கா, சைரன் தன்பாட்டுக்கு அடிக்குது, நிப்பாட்டேலாமக் கிடக்கு. சனமெல்லாம் கடல் வருகுதெண்டு ஓடுது" என்றார். புரோகிராம் எங்கே நின்று சுற்றுகிறது என்று பார்த்தாயா என்று கேட்டேன். மடிகணினியைச் செருகிப் பார்த்துவிட்டு, "3C00க்குள்ள பாஞ்சு அங்கினயே சுத்துது. அங்க ஏன் பாஞ்சதெண்டுதான் விளங்கல்ல" என்றார்.

எனக்கு விளங்கியது. பாய்ச்சல் சைரன் செயற்கூறின் நடுவயிற்றில் போய் விழுந்திருக்கிறது, அதனால் சைரன் தொடங்கியது, நிறுத்தும் வரியைக் காணவே இல்லை. அது றிப்ஷானுக்குரிய விளக்கம். எனக்குரிய விளக்கம் வேறு. அந்த முகவரிக்குப் பாய்வதற்குப் பூட்டிய பகுதிக்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. பழைய வகைச் செய்தி ஒன்று காற்றில் வந்திருக்கிறது. பழைய வகைப் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. நான் தொலைபேசியை வைத்தேன். அதன் பின்னர் கைப்பையையும் மடிகணினியையும் எடுத்துக்கொண்டு வாழைச்சேனை பஸ்ஸில் ஏறினேன். சித்தாண்டி தாண்டிய பின்னர்தான் நான் அலுவலகச் செருப்போடு வந்திருப்பதைக் கண்டேன்.

நான் துறைமுகத்துக்குப் போய்ச் சேரும்போது ஆரோ மின்சாரத்தைப் பிடுங்கிச் சைரனை நிறுத்தியிருந்தார்கள். லூர்து அவர்களின் சொற்படி அறையைப் பூட்டி, சாவியைத் துறைமுக அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். லூர்து தொலைபேசியில், "திறக்க வேணாம். திங்கக்கிழமை கொழும்பில இருந்து ஆக்கள் வந்து பாக்கட்டும், அதுவரைக்கும் ஒண்டையும் தொடாத" என்றார். அதுவரை காத்திருக்க முடியாது என்று நான் சொன்னேன். கடலில் கிடந்த பெட்டி, அதன் பற்றரி எந்த நேரம் சாகும் என்று ஒருவருக்கும் தெரியாது, அது இப்போது கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவர், "கம்சா, ரெண்டு வருசமாகப் போகுது" என்றார். நான் இணைப்பைத் துண்டித்தேன். அந்தச் சொல்லைக் கேட்க நான் பஸ் ஏறி வரவில்லை.

அன்ரோவின் மனைவி மேர்லின் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போடும் வாடியில் வேலை செய்பவர். என்னைக் காணும் ஒவ்வொரு முறையும், "ஏதும் கேட்டிச்சா?" என்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார். அன்று அவர் கேட்கவில்லை. அறை வாசலில் நின்ற என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கட படகா?" என்றார். தெரியாது அக்கா, ஆனால் அது ஒன்றுதான் அந்த இடத்துக்கு வரும் என்றேன். அவர் ஐஸ் வாடிப் பக்கம் போனார். அதன் பின்னர் இரும்பு அறுக்கும் வாள் ஒன்று என்னுடைய கைக்கு வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று சார்ஜன்ட் கேட்டார். எனக்கு ஞாபகமில்லை. பூட்டை நானே அறுத்தேன். நல்ல பூட்டு, நேரம் எடுத்தது. றிப்ஷான் அப்போது துறைமுகத்துக்கு வெளியே நின்றார், அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதை எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

உள்ளே போய் மின்சாரத்தைக் கொடுக்க முன்னர் எடுபட்ட வரியைத் திரும்ப எழுதினேன். எச்சரிக்கைகளில் சிங்களம் தமிழ் இரண்டும் இருக்க, அதில் இருந்த அலங்காரங்களை மட்டும் வெட்டி இடம் எடுத்தேன். கட்டி முடித்ததும் அட்டவணையைப் பார்த்தேன். 3C00, வந்திட்டன். அதன் பின்னர் சிப்பில் ஏற்றிவிட்டு, மடிகணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் திரும்பி வந்த மேர்லின் அக்காவும் நிலத்தில் இருந்தோம். மேர்லின் அக்கா செபமாலையைக் கையில் வைத்திருந்தார், ஆனால் சொல்லவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நேரம் என்ன இருந்தது என்றால், ஆசைதான் இருந்தது. பயம் பிறகுதான் வந்தது. அவர் கூப்பிடுகிறார், நான் இடத்தில் இருக்கிறேன் என்று மட்டும்தான் மனதில் ஓடியது.

பின்னேரம் செய்தி வந்தது. திரையில் பெட்டி இலக்கம் விழுந்தது, எனது கணவர் கொடுத்த இலக்கம்தான். அதன் பின்னர் பெட்டி இருக்கும் இடம். அதன் பின்னர் நிலை. பழைய பெட்டியின் பக்கத்தில் கையால் கிறுக்கி, அதாவது திருகி, நிலையை மாற்றும் குமிழ் ஒன்று இருந்தது, மூன்று நிலைகள் அதற்கு. தொழில், உதவி, இறங்கினோம். மூன்றாவது, படகைக் கைவிட்டு இறங்கும்போது கடைசியாக நிற்பவர் கிறுக்கிவிட வேண்டியது. தேடி வருகிறவர்கள் வெறும் படகைத் தேடி அலையக் கூடாது என்பதற்காக அவர் வைத்தது. திரையில் 'இறங்கினோம்' என்று இருந்தது.

இடத்தை வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது அது கடலில் இல்லை. வாழைச்சேனைக்குப் பக்கத்தில், நாசிவன்தீவில் இருந்தது. மேர்லின் அக்கா எழும்பிவிட்டார். "நாசிவன்தீவில இறங்கிட்டாங்க! கம்சா, இங்கதான் இறங்கியிருக்காங்க!" என்று கத்தினார். அவர் சிரித்ததை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. பெட்டி இருக்கும் இடம் ஆட்கள் இருக்கும் இடம் அல்ல என்று எனக்குத் தெரியும். அதை எழுதியவரின் மனைவி நான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். ஆனாலும் நானும் எழும்பி ஓடினேன். ஓட்டோவில் ஏறினோம், பாதி வழியில் என்னுடைய ஒரு செருப்பு அறுந்தது.

அங்கே இராயப்பு என்பவரின் வீட்டில், வாசல் வளைமரத்தில் பெட்டி மாட்டியிருந்தது. விளக்குப் பச்சையாக இருந்தது. இராயப்பு தொழிலுக்குப் போகிறவர். "வலைக்குள்ள வந்த சாமான். மஞ்சக் கலனோட கட்டிக் கிடந்திச்சு. ஒரு கிழமையா மூலைக்குள்ள போட்டிருந்தன், இண்டைக்கு விடிய வெள்ளாப்பிலதான் தும்பால உரஞ்சித் தூக்கி மாட்டினன். வெயில் பட்டதும் சிவப்பா மினுங்கத் தொடங்கினது. பின்னேரமாத்தான் பச்சையாப் போச்சு. ஏன் மனே, ஆர்ட சாமான் இது?" என்று கேட்டார். மேர்லின் அக்கா வீட்டுக்குள்ளே போனார். முன்னறையைப் பார்த்தார், உள்ளறையைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், பின்வாசலால் இறங்கிக் கிணற்றடியையும் பார்த்தார். இராயப்புவும் தடுக்கவில்லை, அவருடைய வீட்டில் இருந்தவர்களும் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்து முடித்து வந்து வாசலில் இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

பெட்டியைப் பற்றி நான் கண்டதைச் சொல்கிறேன், இதைக் கவனமாக எழுதும்படி கேட்டேன். படகில் அதை நான்கு திருகாணிகளால் இறுக்கியிருந்தோம். பெட்டியின் காதுகள் நான்கும் உடையாமல் இருக்கின்றன. படகோடு பிய்ந்து வந்திருந்தால் உடைந்திருக்கும். ஆரோ ஆறுதலாகத் திருகாணிகளைக் கழற்றியிருக்கிறார். அதன் பின்னர் பெட்டியைத் தண்ணீர்க் கலனோடு சிவப்பு வயரால் கட்டியிருக்கிறார். அந்த வயர் எனது கணவர் எப்போதும் இடுப்புப் பையில் வைத்திருப்பது. முடிச்சுக்குப் பின்னால் வயரின் நுனியை மடக்கி உள்ளே செருகியிருக்கிறது, கையில் குத்தக் கூடாது என்று. அலுவலகத்தில் அவர் கட்டிய எல்லாக் கட்டும் அப்படித்தான் இருக்கும். குமிழும் தானாகக் கிறுகவில்லை. அது விறைப்பான குமிழ், எனக்கே இரண்டு விரல் போதாது.

இராயப்பு ஒரு கிழமை முந்திப் பெட்டியை உரஞ்சியிருந்தாலோ, றிப்ஷான் அந்த வரியை எடுக்காமல் விட்டிருந்தாலோ சைரன் அடித்திருக்காது. செய்தி சத்தமில்லாமல் வந்து, பதிலும் சத்தமில்லாமல் போயிருக்கும். எனக்கு வேறு விதமாகத் தெரியவந்திருக்கும். ஆகவே றிப்ஷான் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் என்னிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டார், போதும் என்று சொல்லிவிட்டேன். சைரனைக் கேட்டு ஓடி விழுந்தவர்களிடம் நான் வருத்தம் தெரிவிக்கிறேன்.

அதன் பின்னர் பெட்டியை நானே இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தேன். இப்போது அது வழக்குப் பொருளாக உறையில் போடப்பட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. வெயில் படாததால் விளக்கு அணைந்துவிட்டது.

பெட்டிதான் கிடைத்துவிட்டதே, இனி அந்த 3C00 எதற்கு, அதை எடுத்துவிட்டால் முகாமையாளரோடு சமாதானமாகப் போகலாமே என்று சார்ஜன்ட் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய செய்தி அனுப்பக்கூடிய பெட்டி ஒன்றுதான், அது உங்கள் அலுமாரிக்குள் இருக்கிறது. இனி அந்த இடத்துக்கு அழைப்பு வராது என்று எனக்குத் தெரியும். லூர்து அவர்கள் விரும்பினால் வேறு ஆரையாவது கொண்டு அதை எடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். பூட்டுக்குரிய தண்டனையையும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் என்னுடைய கையால் எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன். ஏன் என்று கேட்டால், எனக்கு அவர் வேண்டும். அதற்கு மேல் காரணம் இல்லை.

காணாமற்போனது சம்பந்தமான கோவையை முடிப்பதற்காக, கணவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லும்படி கேட்டார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். படகு தாழும் நிலையில் எனது கணவர் பெட்டியைக் கழற்றினார், கலனோடு கட்டினார், குமிழைக் கிறுக்கினார், கடலில் விட்டார். அதன் பின்னர் அவரும் மற்ற மூவரும் இறங்கினார்கள்.

எழுதி முடித்ததைச் சார்ஜன்ட் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். கடைசி வரியை வாசிக்கும்போது, அவரும் மற்ற மூவரும் இறந்தார்கள் என்று வாசித்தார். நான் அப்படிச் சொல்லவில்லை, இறங்கினார்கள் என்று சொன்னேன் என்றேன். அவர் தாளைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுதின கை எழுதிவிட்டது என்றார். பேனையைக் கீழே வைத்துவிட்டு, "நடுக்கடல்ல, பிள்ள, ரெண்டும் ஒண்டுதானே" என்று மெதுவாகச் சொன்னார். அவர் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். "இருக்கலாம் சேர். ஆனா அவர் கிறுக்கி வச்சிட்டுப் போன சொல்லு இதுதான்" என்றேன். அவர் 'இறந்தார்கள்' என்பதை ஒரே கோட்டால் வெட்டி, மேலே 'இறங்கினார்கள்' என்று எழுதினார். வெட்டிய இடத்தில் எனது சுருக்கொப்பத்தை இட்டேன். இந்தத் திருத்தத்தோடு இதிலுள்ளது முழுவதும் நான் சொன்னதே, உண்மையானதே என்று கண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கம்சாயினி வினோஜன்